கசிவு

சுவருக்கு உள்ளே ஓடினால் சரக்கு.
வெளியே ஓடினால் தண்ணீர்.
இடையில் ஒரு முழச் செங்கல்,
ஒரு திருகு.

ஆலையின் கணக்கு என்னிடம்.
ஜார்ஜியாவில், மலை இடுக்கில்,
இரும்பு வாசத்தோடு குமிழியிட்டு வரும் ஊற்று.
பச்சைப் புட்டியில் அடைத்து மூடியை அழுத்தினால்
வியன்னாவின் விடுதி மேசையில் அதன் விலை
மூடி அழுத்தியவனின் அரைநாள் கூலி.
அடைக்காவிட்டால்
பள்ளிக்கூடத்தில் சமைக்கும் நானுலியின் வாளியில்
சும்மா சளசளக்கும்.

வெளிக்குழாயை வைத்தது யாரென்று
எந்தப் பேரேட்டிலும் இல்லை.
ஏலத்தில் ஆலையை எடுத்தபோது
வாங்கிய வீட்டோடு வரும் பூனை மாதிரி
அதுவும் கூடவே வந்தது.

முதலாளி மிந்தியா கெட்டவரில்லை.
"அதில் எவ்வளவு போகிறது?" என்று ஒருநாள் கேட்டார்,
அவ்வளவுதான்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிறவன் நான்.
ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு வாரம் அளந்தேன்.
நாளுக்கு ஒன்பதாயிரம் லிட்டர்.
அதில் பாதி ஜும்பெரின் வேனில் ஏறி
நெடுஞ்சாலை ஓரம்
கேன் ஒன்று ஒரு ரொட்டி விலைக்குப் போகிறது.
தருமத்திலும் ஒருத்தன் லாபம் பார்க்கிறான் என்றேன்.
"பார்க்கட்டுமே, மூன்று பிள்ளைகள்" என்றார்.

பிறகு பங்கு வாங்க வியன்னாக்காரர்கள் வந்தார்கள்.
அவர்கள் அறிக்கையில்
'சமூகப் பங்களிப்பு' என்றொரு பக்கம் காலியாயிருந்தது.
குழாய்ச் சுவருக்கு வெள்ளையடித்தோம்.
சின்னம் பொறித்த பலகை மாட்டினோம்.
கல்லில் இறங்கியிருந்த செந்துருக் கறையை
அமிலம் ஊற்றித் தேய்த்தோம், கை எரிந்தது.
நானுலியை வாளியோடு நிறுத்தினார்கள்,
இன்னும் கொஞ்சம் வெயிலைப் பார்த்து.
அவள் கேட்டாள்:
"நிரப்பட்டுமா,
நிரப்புகிற மாதிரி நிற்கட்டுமா?"

படம் நன்றாக வந்தது.
அந்த வருஷம் புட்டி விலை ஏறியது.

பிப்ரவரியில் ஊற்று மெலிந்தது.
காரணம் மலைக்குத்தான் தெரியும்.
இரண்டு வாய்க்குப் போதாத தண்ணீர்.
உள்ளே இருநூற்றுப் பத்துப் பேரின் சம்பளம்,
வெளியே வாளிகள்.
சம்பளம் வாங்குகிறவர்களின் வாளிகளும்
அந்த வரிசையில்தான் இருந்தன.
வரவா, செலவா,
எந்தப் பத்தியில் எழுத?

திருகை அடைத்தது நான்.
உத்தரவென்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது.
"ஏதாவது செய்" என்றார் மிந்தியா
கோட்டுக்குள் கையை நுழைத்தபடி.
ஏழு சுற்று.
கடைசிச் சுற்றில் கீச்சென்றது.
பலகையைக் கழற்ற மறந்துவிட்டோம்.
உலர்ந்த குழாய்க்கு மேல்
பனியிலும் பளபளவென்று எங்கள் பெயர்.

நாலாம் நாள்
மீட்டர் தாளில் ஒரு பள்ளம்,
இரவு இரண்டுக்கும் நாலுக்கும் நடுவே.
ராத்திரி ஷிப்டில் யாரோ.
பாத்திரத்தோடு பாத்திரம் இடிக்காமல்
இருட்டில் ஊரே வரிசை நிற்கிறதாம்.
ஜும்பெர் சொன்னான்.
தன் வேன் அதில் இல்லை என்றும் சொன்னான்.
அதை நான் நம்பவில்லை.

யாரென்று பிடித்திருக்கலாம்.
திருகுக்கு ஒரு பூட்டு,
இரும்புக்கடையில் என்ன பெரிய விலை?
வாங்கியும் வந்தேன்.
மேசை இழுப்பறையில் கிடக்கிறது, சாவியோடு.

மாதக் கடைசியில் பேரேட்டில்
'கசிவு' என்று ஒரு வரி திறந்தேன்.
நூற்றுக்கு நாலு.
தணிக்கைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"பழைய குழாய்களோ?"
"ரொம்பப் பழசு."

புட்டி விற்காவிட்டால் இந்த நாலும் இல்லை.
தெரியும்.
நாலைப் பத்தாக்கும் தைரியம் எனக்கில்லை.
அதுவும் தெரியும்.

கல்லில் மறுபடி
செந்துரு பிடிக்கத் தொடங்கியிருக்கிறது.
காலையில் வேலைக்கு வரும்போது
யாரும் பார்க்காத நேரமாய்
பூட்ஸ் நுனியால் தொட்டுப் பார்க்கிறேன்,
ஈரம் இருக்கிறதா என்று.