வெறுதே

தேங்காப்பட்டணம் துறைமுகத்தில்
ஐஸ் ஆலைக்கு மேலே வாடகை அறை.
தரை எந்நேரமும் லேசாய் நடுங்கும்.
அங்கே உட்கார்ந்துதான்
படகுப் பெட்டிக்கு நிரல் எழுதினேன்.

சில்லில் மிச்சம் நாற்பத்தெட்டு பைட்.
தொண்ணூற்றைந்து சொல்லின் குறிகள்
அதற்குள் அடங்க வேண்டும்.

வள்ளவிளைக்காரர்களுக்கு என் சிக்கல் முன்பே தெரியும்.
வயர்லெஸ்ஸில் 'சகாய மாதா' என்றதும்
ஒருவர் பதில் சொல்லிவிடுவார்,
கூப்பிட்டவர் 'துணை' என்று முடிப்பதற்குள்.
அது வேறு படகு.
'சகாய மாதா துணை இரண்டு' இன்னொன்று,
அண்ணன் தம்பி பிரிந்தபோது வாங்கியது.
என் குறிகளில் எதுவும்
மற்றொன்றின் தொடக்கமாகி
பாதியில் ஆளைத் திரும்பவைக்கக் கூடாது.

அடிக்கடி வரும் சொல்லுக்குச் சின்னக் குறி.
ஆறு மாதப் பேச்சை எண்ணினேன்.
முதலிடம் மீனுக்கு இல்லை, டீசலுக்கு இல்லை,
'கேக்குதா'வுக்கு.
இரண்டே பிட்.
கடைசியில் 'காணோம்'. பதினொன்று.
புயலடித்த வருஷத்தை எண்ணியிருந்தால்
அது மூன்றில் வந்து நின்றிருக்கும்,
மீன் அந்த அளவுக்குப் பின்னால் போயிருக்கும்.
ஒன்றைக் குறுக்கினால் எங்கோ ஒன்று நீளும்,
மரத்தில் காலிக் கிளை கிடையாது.
அந்த வருஷத்துப் பதிவைத் திறக்கவில்லை.

மரத்தை அப்படியே வைக்க இடம் போதவில்லை.
இரண்டு நாள் ஐஸ் உடைக்கும் சத்தத்தில் கிடந்தேன்.
பிறகு பிடிபட்டது.
குறிகளை வைக்கவே வேண்டாம்.
யாருக்கு எத்தனை நீளம், அது போதும்.
குட்டையானது முன்னே,
ஒரே நீளமென்றால் அகர வரிசை.
முந்தினதோடு ஒன்று கூட்டு,
நீளம் ஏறினால் பின்னால் சுழியம் ஒட்டு.
குறிகள் ஒவ்வொன்றாய் எழுந்து வந்தன.
சொல்லுக்கு நாலு பிட்,
மொத்தம் நாற்பத்தேழரை பைட்.
அரை பைட் மீந்ததில்
ஒரு ஏழையின் பெருமை எனக்கு.

நாலாம் மாதம், விடியுமுன்
லிற்றில் ஃபிளவர் போன் செய்தாள்.
கரைப்பெட்டித் திரையில் அவள் வீட்டுக்காரன் படகிலிருந்து
காணோம் காணோம் காணோம்
காணோம்

ஓடினேன். பெர்க்மான்ஸ் துறைமுகத்தில்
பைப்பைப் பிடித்துக்கொண்டு தளம் கழுவிக்கொண்டிருந்தான்.
'எளவு, யாரைக் காணோமாம்?' என்றான்.

ஆன்டெனா மூட்டில் உப்பு.
கம்பி ஒன்றிலேயே ஒட்டிக்கொண்டு
ஒன்று ஒன்று ஒன்று என்று அனுப்பியபடி இருந்தது.
என் விதியில் கடைசிச் சொல்லுக்கு
எப்போதும் எல்லாம் ஒன்று.
கணக்கு சரி.
லிற்றில் அதற்குள்
இரண்டு தடவை மயங்கி விழுந்திருந்தாள்.

அன்று இரவு 'காணோம்' நின்ற கிளையை இரண்டாய்ப் பிளந்தேன்.
அதற்கு இனி பன்னிரண்டு பிட், முடிவில் சுழியம்.
ஒரு பிட் கூடுதல் செலவு. ஆகட்டும்.
பக்கத்துக் கிளையில், அகர வரிசையிலும் அதற்குப் பின்னால்,
வானொலியில் யாருமே சொல்லாத ஒரு சொல்லை ஏற்றினேன்:
வெறுதே.
மீந்த அரை பைட்டில் அதன் நீளம் உட்கார்ந்தது.

இப்போதும் மாதம் ஒருமுறை உப்பு பிடிக்கும்.
திரை நிறைய
வெறுதே வெறுதே வெறுதே.
லிற்றில் ஒரு பார்வை பார்த்துவிட்டு
குழம்பு கிண்டப் போகிறாள்.