வெட்டில்லாமல்

மரியசூசை அண்ணன் கேட்டது இவ்வளவுதான்:
"வெட்டு ஒட்டு இல்லாம கடையை முழுசாக் காட்டு.
பாண் வேகிறதும் தெரியணும்."

தலவாக்கலை. விடிய நாலரை.
பின் தாவாரத்தில் மா மூட்டைமேல் உட்கார்ந்து
கறுப்புப் பெட்டிக்குள் கண்ணை விட்டேன்.
அப்புறம் நான் உள்ளங்கை அகலம்,
நாலு விசிறி, ஆறு நிமிட பேட்டரி.

ஸ்டேஷன் பக்கமிருந்து பனிக்குள்ளே பாய்ந்து
பெயர்ப்பலகைக்கு ஒரு சாண் கீழே குனிந்து
கதவு,
சீனி ஒட்டிய கிம்புலா பணிஸ்கள்,
கல்லாவில் மாதாப் படம்,
தட்டுகளுக்கு நடுவே சரிந்து திரும்பினால்
போறணை வாய்.
ஒரு நொடி, திரை முழுக்க நெருப்பு.

மூன்று முறை மா மேசையில்தான் கெட்டது.
நாலாவது முறையும்
விசிறிக் காற்று பட்டதும் எழும்பியது மா.
பனியும் வெள்ளை, கடையும் வெள்ளை.
எங்கே சுவர்?
பிலோமினா அக்கா தும்மினாள்.
அந்தச் சத்தம் வந்த பக்கத்தை விட்டு
மறுபக்கம் ஒடித்தேன்.

ஜன்னல். வெளி. கூதல்.
எதிரே எவனோ மூட்டைமேல்,
முகம் இருக்கவேண்டிய இடத்தில் பெட்டி,
வாய் மட்டும் திறந்தபடி,
ஒரு செருப்பில் ஊக்கு.

"கடைசித் துண்டை எடுத்துடுறேன், அண்ணே."
"வெட்டக் கூடாதுன்னேனே.
மூட்டையில எழுத்து நல்லாத் தெரியுது."

பாதிக் காசு கையில்.
மீதிக்கு மாதம் முழுக்க பாண்.

மூன்றாம் நாள் லிந்துலையில்
பாண் ஓட்டோக்காரர் பாட்டை நிறுத்தி,
என் காலைப் பார்த்தார்.