மிச்சக் கதை

பெரியாஸ்பத்திரியில் பன்னிரண்டுக்குக் கேற் திறக்கும்.
ஒரு மணிக்குள் கதைத்து முடித்துவிட வேண்டும்.
செபக்குழுவில் ஐந்து பேர் வந்தோம்.
எனக்கு விழுந்தது மேல்மாடி வாட்டு;
கையில் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம்,
நாலு தோடம்பழம்,
கொச்சிக்கடையில் ஆசீர்வதித்த எண்ணெய் ஒரு சின்னப் போத்தலில்.

பயம் ஒன்றுதான்.
"நீங்க எந்த இடம்?" என்று யாரும் கேட்கக் கூடாது.
வத்தளை என்பேன். இப்போது அங்கேதான், பொய்யில்லை.
அதற்கு முந்தி எங்கே என்று கேட்டால்
ஜம்பட்டா வீதி வரும்,
அதற்குப் பின்னால் நான் வருவேன்.

ஏழாவது கட்டில்.
சேலைன் ஏறும் கை முதலில் தெரிந்தது,
பிறகு நெற்றியில் உதிர்ந்த திருநீறு,
பிறகு கண்.
"எமல்டா" என்றாள்.

மல்லிகாதேவி.
என் சீட்டில் கடைசி ஆள்.
பன்னிரண்டு பெண்கள், மாதம் ஐயாயிரம்,
ஒன்பது மாதம் ஒழுங்காய் ஓடியது.
பத்தாம் மாதக் காசைப் பால்மா ரின்னில் திணித்துக்கொண்டு
விடியப்புறம் சிலாபம் பஸ்ஸுக்கு நின்றபோது
ஆமர் வீதிப் பக்கம் யாருடையதோ ஒரு சேவல் கூவியது.
மூன்று தரமா என்று நான் எண்ணவில்லை.
அழவும் இல்லை.
அழுகை நாலு வருஷம் பிந்தித்தான் வந்தது,
கருவாடு காயும் பாய்களுக்கு நடுவில்,
புருஷன் அந்த ரின்னையும் குடித்து முடித்த பிறகு.

பாவசங்கீர்த்தனத்தில் எல்லாம் சொன்னேன்.
சுவாமி மன்னிப்புத் தந்தார்,
திருப்பிக் கொடு என்றும் சொன்னார்.
அந்தப் பாதி மட்டும் என் காதில் ஏறவில்லை.

நீட்டிய கையை மடக்க முடியாமல்
பிரசுரத்தைக் கொடுத்தேன்.
எழுத்துக் கூட்டி வாசித்தாள்:
உங்களை ஒருவர் தேடுகிறார்.
"என்னையோ?
உன்னைத் தேடித்தானடி நாங்க மூண்டு பேர்
நீர்கொழும்பு மட்டும் அலைஞ்சம்."

பக்கத்துக் கட்டில்கள் திரும்பின.
வாசல் இருபது அடியில்.
என் கால்களுக்கு ஓடத் தெரியும்,
அவை ஒழுங்காய்ப் படித்த ஒரே பாடம் அது.
எப்படியோ ஸ்டூலில் இருந்துவிட்டேன்.

பேர்ஸைக் கவிழ்த்தேன். இரண்டாயிரத்து எண்ணூறு.
ஊசி குத்திய கையால் இரண்டு தரம் எண்ணி
தலையணைக்குக் கீழே வைத்தாள்.
"அந்த ஜூக்கி மெசினை வேற ஒருத்தி எடுத்திட்டா.
நல்ல மெசின்."

மனப்பாடமாய்க் கொண்டுவந்தது ஒன்றும் நாக்கில் இல்லை.
அவள்தான் கேட்டாள்.
"உன்ட யேசு உன்னையும் சேர்த்தவரோ?"
"ஓம்."
"உன்னைப் பற்றி எல்லாம் தெரிஞ்சோ?"
"தெரிஞ்சுதான்."
"அப்ப அவருக்கும் ஆள் பார்த்துச் சீட்டுப் பிடிக்கத் தெரியாது."
சிரித்ததில் தையல் இழுத்தது அவளுக்கு.
வலியில் என் மணிக்கட்டைப் பிடித்தாள்,
வலி போன பிறகும் கொஞ்ச நேரம்.

அப்போதுதான் சொல்லத் தொடங்கினேன்.
பரலோகத்திலிருந்து அல்ல,
ரின்னிலிருந்து.
சிலாபம், கருவாட்டு வாடை,
செத்துப்போகலாம் என்று கடலுக்குள் இறங்கிய நாள்,
இடுப்பளவு தண்ணீரில் என்னை
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி –

மணி அடித்துவிட்டது.
தாதி கையைத் தட்டி எல்லோரையும் வெளியே அனுப்பினாள்.

"மிச்சக் காசை அடுத்த மாசம் கொண்டு வா,
நான் வீட்டில இருப்பன்" என்றாள் மல்லிகா.
"கதையையும் பாதியில விட்டிட்டு ஓடாத."

கீழே குழுவில் கேட்டார்கள்,
எத்தனை பேருக்குச் சொன்னீங்க?
ஒருத்திக்கு. அதுவும் முடியவில்லை.
எண்ணெய்ப் போத்தல் மூடி திறக்காமல் பையில் கிடந்தது.

பஸ்ஸுக்குக் காசில்லை. கேட்டிருந்தால் தந்திருப்பார்கள்.
மருதானையால் இறங்கி, பஞ்சிகாவத்தையில்
கழற்றிப் போட்ட வாகனங்களின் உதிரிகளைக் கடந்து நடந்தேன்.
எல்லாவற்றையும் யாரோ வாங்குகிறார்கள் அங்கே.

ஜெசிமா. குசும்.
இன்னும் இரண்டு வாசல்.
ஜம்பட்டா வீதி முனையில், பட்டப்பகலில்,
முக்காட்டை எடுத்துவிட்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.