பதினான்கு நாட்களுக்கு மட்டும்

மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திறங்கினேன்.
பையில் நாலு சேலை, தண்ணிமட்டக் குழாய்,
ஒரு பேணி சிவப்புப் பெயின்ற்.
கடிதம் சொன்னது:
புயலுக்குப் பின்னான பரிசோதனைகளில்
சபைக்கு உதவியாக, பதினான்கு நாட்களுக்கு மட்டும்.

பிரதேச சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒரே ஒருவர், சுகிர்தன்.
அவன் மேசையில் இருநூற்றுப் பதினேழு விண்ணப்பங்கள்
ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன,
ஒன்றை இழுத்தால் நாலு வந்தது.
எல்லாருக்கும் திரும்பக் கட்டவேணும்,
எல்லாருக்கும் நேற்றே கட்டவேணும்.

வழுக்கியாற்றைக் காட்டு என்றேன்.
"இதிலதான் நிக்கிறம் அக்கா."
காலடியில் பிளக்கத் தொடங்கிய களி,
கட்டியிருந்த ஆடு,
யாரோ நட்டுவிட்டுப் போன மூன்று விக்கெற் தடி.
வருசத்தில் பத்து மாதம் இதற்குப் பரப்புக்கு இன்ன விலை.
மிச்ச இரண்டு மாதம்
ஆறு உறுதியை வாசிப்பதில்லை.

நொத்தாரிசு வாசித்திருக்கலாம். அது வேறு கதை.

சுவர்களில் தண்ணீர் தன் கோட்டைத் தானே கீறியிருந்தது.
பவளராணி வீட்டில் யன்னல் விளிம்புவரை.
பின்வளவில் கக்கூசுக் குழியையும் கிணற்றையும்
ஒரே தண்ணீராக்கிவிட்டு வடிந்திருந்தது.
குழாயைப் பிடித்து வீடு வீடாக
அந்தக் கோட்டின்மேல் சிவப்பைத் தீற்றிக்கொண்டு போனேன்.
பொங்கலுக்கு முதல் தீற்றவேணும்.
வெள்ளையடித்துவிட்டால்
வெள்ளம் வரவேயில்லை என்றாகிவிடும்.

ஆறாம் நாள், மதகின் வாயில் ஒரு மதில்.
எட்டடி, கொங்கிரீற், மேலே போத்தலோடு.
மதிலுக்கு இந்தப் பக்கம் மூன்று வீடு காய்ந்திருந்தது,
அந்தப் பக்கம் ஒரு குறிச்சியே பள்ளிக்கூடத்தில் படுத்தது.
நகுலசிகாமணி ஐயா தேத்தண்ணி தந்தார், நல்ல மனிதர்.
"இன்னும் ரெண்டடி உயத்தினா தண்ணி வராது பிள்ளை."
"வராத தண்ணி எங்க போகும் ஐயா?"
"அதை சபைதான் பாக்கவேணும்."

சுகிர்தன் உள்ளே வரவில்லை.
றோட்டில் மோட்டார்சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றான்,
துடைத்த இடத்தையே.

பின்னேரம் லாச்சியைத் திறந்து காட்டினான்.
இரண்டு நோட்டீஸ், இரண்டு வேறு வருசம்,
அவனுடைய கையெழுத்து,
கையொப்பத்துக்கு விட்ட இடம் மட்டும் வெறுமை.
"அவற்றை மகளைத்தான் கட்டினனான்.
நீங்கள் போயிடுவியள்.
நான் இங்கதான் தலைமயிர் வெட்டவேணும்,
செத்தவீடுகளுக்குப் போகவேணும்."

அப்போதுதான் விளங்கியது
இவர்கள் எதை இரவல் கேட்டார்களென்று.
குழாயையுமல்ல, என் படிப்பையுமல்ல.
இந்த ஊரில் உறவில்லாத ஒருத்தியின்
பெயரை.

எங்கள் கடற்கரைக்கும் அலைக்குப் பிறகு ஒருவன் கயிறோடு வந்தான்,
இதற்குள் கட்டக்கூடாது என்றான்.
மண்ணள்ளித் தூற்றியவர்களில் நானும் ஒருத்தி, பத்தொன்பது வயது.
பிறகு அதே கயிற்றுக்குள் ஒரு ஹோட்டல் எழும்பியது.
அவன் கீறியது சரியா பிழையா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.
அவன் பெயரைக்கூட நாங்கள் கேட்கவில்லை.

ஒப்பமிட்டேன்.
முழு மதிலையும் அல்ல, மதகின் நேரே பன்னிரண்டடி.
ஐயா நோட்டீசை வாங்கி, மூக்குக்கண்ணாடி தேடி,
இரண்டு தரம் வாசித்து,
"மட்டக்களப்பாளோ" என்றார்.
அதற்குப் பிறகு தேத்தண்ணி இல்லை.

பதின்மூன்றாம் நாள் மேசன் வந்து மூன்றடி உடைத்தான்.
மிச்சத்துக்கு வழக்காம்.
கார்த்திகைக்குள் அந்த மூன்றடியையும் அடைத்துவிடுவார்களோ தெரியாது.
பஸ் வெளிக்கிட முதல் சுகிர்தன் கோப்போடு ஓடிவந்தான்.
என் ஒப்பத்துக்குக் கீழே, சாட்சி என்ற இடத்தில்
சின்ன எழுத்தாய் அவன் பெயர்,
மை இன்னும் காயாமல்.

ஆனையிறவு தாண்டக் கொண்டக்டர் மிச்சக்காசு தந்தான்,
என் விரல்களைப் பார்த்தான்.
"மருதோண்டியோ அக்கா? கலியாணவீடோ?"

நகத்தடியில் சிவப்பு.
ஓம் என்றேன்.