துண்டு

சம்பளச் சீட்டில் ஆறாவது வரியைப்
பன்னிரண்டு வருடமாகத் தெரியும்.
காப்புறுதிக் கழிவு.
கடன், சீட்டு, கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் முந்தி
கைக்கு வராமலே போகிற காசு.
மாஞ்சோலையில் பெரியாஸ்பத்திரி இருக்கு,
அங்கே யார் காசு கேட்கிறது என்று
அந்த வரிக்குள் என்ன கிடக்கிறதென
ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

போன சித்திரை,
சிறுபோகத்துக்கு முதல் தண்ணி.
முத்தையன்கட்டில் துலுசுச் சில்லைச் சுற்றின கை
அரைச் சுற்றில் நின்றது.
தோள் வரமாட்டன் என்றது.
இடதுகைக்கார ஞானசீலன் வந்து
மிச்சத்தைச் சுற்றினான்.

மாஞ்சோலையில் வரிசை ஆவணிவரை நீண்டிருந்தது.
காப்பை வங்கியில் வைத்துவிட்டு
வவுனியாவில் பிரைவேற்றில் படம் எடுத்தேன்.
டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
எலும்போடு ஒட்டி
நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிசாய் ஒரு வெள்ளை.
"இது எப்போது வந்தது?"
முப்பது வயதுதான் இருக்கும் அவருக்கு.
"இரணைப்பாலையில்" என்றேன்.
அவர் திகதி கேட்டார்,
என்னிடம் இடம்தான் இருந்தது.

வெட்டி எடுத்ததைச்
சின்னப் போத்தலில் போட்டுத் தந்தார்கள்.

விண்ணப்பத்தில் பதினோராம் கட்டம்:
நோய் ஆரம்பித்த திகதி.
2009 என்று எழுதப் போக
கஜந்தினி பேனையைப் பிடித்துக்கொண்டாள்.
"அக்கா, நீங்கள் உறுப்பினரானது பதின்மூன்றில்.
ஒன்பதில் வந்ததுக்கு நாங்கள் ஏன் என்று
கொழும்பில கேட்பினம்."

அப்ப இந்த உடம்பில்
எனக்கு முதல் வேலைக்குச் சேர்ந்தது அதுதான்.
நாலு வருடம் சீனியர்.
சம்பளமில்லை, லீவில்லை,
ஒருநாள்கூட வராமல் விட்டதுமில்லை.

"நோ தொடங்கினது எப்ப?"

அது வேறு கேள்வி.
சித்திரை ஒன்பது, காலை ஆறரை,
அரைச் சுற்று.
பொய்யில்லை. எழுதினேன்.

பிறகு அவள் சொன்னாள்:
பில்லைக் கையில் எடுத்த அன்றே கொப்பி எடுங்கள்,
மெசின் பில் எங்கட வெயிலுக்கு
ஒரு மாதம் தாங்காது,
எழுத்தெல்லாம் வெளுத்துப் போகும்.
எனக்கா சொல்லவேணும்?
நந்திக்கடலில் கழுத்தளவு தண்ணீரில்
தலையில் நான் வைத்திருந்தது சோறில்லை.
பொலித்தீன் பைக்குள்
பிறப்புப் பத்திரமும் ஓ.எல். பெறுபேறும்.
அந்த ஓ.எல். தாள்தான் இந்த வேலை,
இந்த வேலைதான் ஆறாவது வரி.
பையும் அதேதான்,
பிடி மட்டும் புதிது.

புரட்டாதியில் கடிதம் வந்தது.
ஒரே ஒரு வசனம்.
"துண்டு இணைக்கப்படவில்லை."

கஜந்தினி வாசித்தாள், நானும் வாசித்தேன்.
"மருந்துத் துண்டு அக்கா,
அந்த ஆயிரத்து நானூறு ரூபாய் பில்."
நான் பைக்குள் கைவிட்டு
போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன்.
"இதையும் சேர்த்து அடிக்கட்டோ?"
அவள்தான் முதலில் சிரித்தாள்.
சிரித்து முடிய
ஸ்ரப்ளரைக் கையில் வைத்தபடி
கொஞ்சநேரம் சும்மா இருந்தாள்.
ஒன்பதில் அவளுக்கு எத்தனை வயது,
எந்த பங்கருக்குள் இருந்தாள் என்று
நான் கேட்கவில்லை.
மருந்துத் துண்டைத் தேடி எடுத்தேன்.
பாதி வெளுத்திருந்தது.
கொப்பி கறுப்பாய்க் கிடந்தது.

காசு மார்கழியில் வந்தது.
கேட்டதில் பாதிக்குச் சற்று மேல்.
காப்பை மீட்க
இன்னும் எட்டாயிரம் வேணும்.

அதே கிழமை காலபோகத்துக்குத் தண்ணி கேட்டார்கள்.
சில்லைப் பிடித்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று சுற்று.
வாய்க்காலில் நுரை ஓடத் தொடங்க,
இடதுகையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி
பார்த்துக்கொண்டு நின்ற ஞானசீலன்
மெல்லச் சொன்னான்:
"எனக்கும் முழங்காலுக்க ஒண்டு கிடக்கு."

எங்கே, எப்ப வந்தது என்று
வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு,

"நோ தொடங்கினது எப்ப?
யோசிச்சுச் சொல்லு" என்றேன்.
"பில் எதையும் எறிஞ்சிடாத."