முப்பத்திரண்டு

கொழிஞ்சாம்பாறையில் மாட்டுத்தீவனக் கடைக்கு மேல்
மாசம் நாலாயிரம் வாடகைக்கு ஓர் அறை.
பிண்ணாக்கு வாசத்தில் உட்கார்ந்து
கஞ்சிக்கோட்டுக் கம்பெனிக்குக் கையேடு எழுதுகிறேன்.
பாலை அளந்து சீட்டுக் கொடுக்கும் இயந்திரம்.
பக்கம் பதினொன்று: எழுத்துக் குறியீடுகள்.

1B வந்தால் அச்சுமுனை விழித்துக்கொள்ளும்.
0A வந்தால் தாள் ஒரு வரி ஏறும்.
பெயருக்கும் லிட்டருக்கும் நடுவே
32 அனுப்புக.

அவ்வளவுதான் எழுதினேன்.
32 என்றால் வெற்றிடம், ஒரு விரல் அகலக் காலி.
முதல் இரண்டையும் பழைய பட்டியலிலிருந்து எடுத்தேன்,
மூன்றாவதை ஞாபகத்திலிருந்து.
பட்டியல் ஹெக்ஸில் இருந்தது.
என் ஞாபகம் பத்து விரலில் எண்ணுகிறது.

பிரஜீஷ் மேலிருந்து கீழாகப் படிக்கிறவன்.
1B-க்குள் ஓர் எழுத்து இருக்கிறது, 0A-க்குள்ளும்,
வாயைத் திறந்ததும் ஊர் தெரிந்துவிடுகிற ஆட்கள் மாதிரி.
32 வாயைத் திறக்கவில்லை.
பக்கத்தில் நின்றவர்களை வைத்து
அதையும் அந்த ஊர்க்காரன் என்று எடுத்துக்கொண்டான்.
ஹெக்ஸில் 32 காலியிடம் இல்லை.
அது 2 என்கிற எழுத்து.

எருத்தேம்பதி சொசைட்டி, காலை ஐந்தரை.
ஆறரை லிட்டர் ஊற்றியவளுக்கு வந்த சீட்டு:
மயிலாத்தாள்26.5
பன்னிரண்டு ஊற்றிய அந்தோணிச்சாமிக்கு 212.
கேனை வீசியபடி போனார்,
திரும்பிப் பார்க்காமல்.
நாற்பத்து மூன்று பேர் அப்படிப் போனார்கள்.
வாசிக்கத் தெரியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன்.

மயிலாத்தாள் மட்டும் பாதிவழியில் திரும்பி வந்து
சீட்டைச் செகரட்டரி மேசைமேல் வைத்தாள்.
"எம்மாட்டுக்கு நாலு காம்புதான், சகாயராசு.
சந்தேகம்னா பட்டிக்கு வந்து எண்ணிக்கோ."

போனில் இதை அப்படியே சொன்னேன்.
"பட்டிக்கா? எண்ண எதுக்கு சேச்சி நாய்கிட்ட போகணும்?"
சிரித்தான். நானும் சிரித்தேன்.
பட்டி. ஓசை ஒன்றுதான்.
தமிழில் மாடு அடையும்,
மலையாளத்தில் குரைக்கும்.
பிறகு இரண்டு பேரும் கொஞ்சநேரம் பேசவில்லை.
"முப்பத்திரண்டுன்னு இருந்துச்சு, முப்பத்திரண்டு போட்டேன்."
"நானும் முப்பத்திரண்டுன்னுதான் எழுதினேன்."

கீழே தீவனக்கடை வாசலில்
வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.
டி.என். 41, கே.எல். 70, இன்னொரு டி.என்.
முன்னாலிருக்கும் இரண்டெழுத்தைச் சேறு மூடியிருந்தால்
செக்போஸ்டில் கைகாட்டி நிறுத்துகிறார்கள்.
நான் மூடக்கூட இல்லை.
எழுதவே இல்லை.

அன்று மாலை பக்கம் பதினொன்றின் தலையில்:
"0x என்று தொடங்கும் எண் ஹெக்ஸ்.
தொடங்காதது பதின்மம்."
0x1B. 0x0A. பிறகு
0x20, பதின்மத்தில் 32, வெற்றிடம்.
அதை அச்சிலேயே காட்டிவிடலாம் என்று
இரண்டு மேற்கோள் குறிக்கு நடுவே போட்டுப் பார்த்தேன்.
' '
ஏதோ அச்சுக் கோக்கையில் விட்டுப்போனது மாதிரி இருந்தது.
அதனால் பெயரையே எழுதினேன்.

எனக்கு அரை மணி நேர வேலை.
கொடுத்த சீட்டுகளைத் திரும்ப வாங்க
சகாயராஜுக்கு இரண்டு நாள், ஒரு டேங்க் பெட்ரோல்.

மூன்றாம் நாள் காலை:
மயிலாத்தாள் 6.5
நடுவில் இருந்ததை அவள் பார்க்கவில்லை.
பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.
மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

நாற்பத்து மூன்றில் நாற்பத்திரண்டு சீட்டு வந்துவிட்டது.
அந்தோணிச்சாமி மட்டும் தரவில்லை.
சட்டைப்பையில் வைத்திருக்கிறாராம்,
டீக்கடையில் எடுத்துக் காட்டுகிறாராம்:
"ஒரு நாள், ஒரே ஒரு நாள்,
இருநூத்திப் பன்னெண்டு."