பதினொரு டின்

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள்.
நானுஓயா மேட்டு லயத்தில் மச்சு ஏது,
தகரம்தான்.
துளைக்கிற சிரமம்கூட அதற்கு இல்லை,
ஆணி ஓட்டை வழியாகவே இறங்கியது.

அதனால் மார்கழிக் கடைசியிலேயே
பதினொரு டின்னும் காம்பராவுக்குள் வந்துவிட்டன.
பால்மா டின், பெயின்ட் வாளி,
கைப்பிடி போன குக்கர் சட்டி.
ஜெரேனியம் நாலு, பிகோனியா ஐந்து,
பெயர் தெரியாத ஊதா ஒன்று,
பிறகு அந்தக் கறிவேப்பிலை:
மாத்தளையிலிருந்து சந்திரமதி மதினி
மூன்று பஸ் மாறி மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது.

"இந்தக் குளிருக்கு மனுசனே தளிர்க்க மாட்டான்,
இது எங்க தளிர்க்கப் போகுது"
என்றார் இவர்.
இரண்டரை மாதம்
டின்களைத் தாண்டித் தாண்டித்தான் படுக்கப் போனார்.
ஒரு நாள் பிகோனியாவில் கால் இடறி
தொரைக்குச் சேர வேண்டிய வசவையெல்லாம்
அதற்குக் கொடுத்தார்.
அது கேட்டுக்கொண்டிருந்தது.

பங்குனி பிறந்து ஐந்தாம் நாள்
கீழ்ப் பள்ளத்து உருளைக்கிழங்கு இலையில்
வெள்ளை விழவில்லை.
ஆறாம் நாளும்.
ஏழாம் நாள் பெரட்டுக்குப் போகுமுன்
கதவை அகலத் திறந்துவைத்தேன்.

எடுத்த எடுப்பில் வெயிலில் வைக்கக் கூடாது,
இலை வெளுத்துப்போகும்.
ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரை நடத்துவது போல
இன்றைக்கு இஸ்தோப்பு,
நாளைக்கு வாசல்படி,
மறுநாள் பகலில் ஒரு மணித்தியாலம்.
எமலி அக்கா வேலிக்கு அப்பாலிருந்து
"பிள்ளைகளுக்கு இன்னும் தொப்பி போடலையா" என்றாள்.
போட்டிருக்கலாம்.

ஞாயிறு, எல்லாமே வெளியில்.
கூட்டப் போனால் சிமெந்துத் தரையில்
பதினொரு துரு வளையம்.
தேய்த்தேன், போகவில்லை.
இருமினால் திருப்பி இருமும் அளவுக்கு
அறை பெரிதாகியிருந்தது.

அன்றிரவு வானம் கழுவிவிட்டது போல் தெளிவு.
தெளிந்த வானம் எங்களுக்கு ஆகாது.

விடிய எழும்பிப் பார்த்தால்
படியில் பத்து டின்தான்.
கறிவேப்பிலையைக் காணோம்.
எமலி அக்காவின் ஆட்டை
அதன் தலைமுறை வரைக்கும் மனதுக்குள் திட்டி முடித்து
உள்ளே வந்தேன்.

அவர் தலைமாட்டில்
பழைய வளையத்தின் மேலேயே, அச்சுப் பிசகாமல்,
உட்கார்ந்திருந்தது அது.
மலைக்குப் போர்த்திப் போகிற கம்பளி அதன் மேல்.
வெறும் சாரத்தோடு சுருண்டு கிடந்தார் அவர்.

கேட்கவில்லை.
தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம் கூடப் போட்டேன்.
அன்றைக்குப் பனியே விழவில்லை.